அன்புள்ள —

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது
டோரீன் ஹைனஸின் கை.
ஜன்னலுக்கு வெளியே செயின்ட் ஜான்ஸ் துறைமுகம்
பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது:
முதலில் கப்பல், பிறகு கிரேன்,
பிறகு எதிர்க் கட்டிடத்தின் விளக்கு.

'அன்புள்ள பெண்மணிக்கு' என்றுதான்
பதினெட்டு வருடமாகப் போயிற்று கடிதம்.
வெஸ்லி அதைத் திறந்ததில்லை.
நண்டுப் படகில் வேலை, தாடியில் உப்பு.
பழைய பெயருக்கு வந்த உறையின் மேல்
இங்கே அப்படி யாரும் இல்லை என்று
எழுதித் திருப்பி அனுப்பினான்.
பொய் இல்லை அது.
பதிவேட்டில் திருத்திய மறுவருடம்
கடிதமே நின்றது.
கணினிக்குத் தெரிந்த ஆண்கள் யாருக்கும்
கருப்பை கிடையாது.

குழு கூடியது. மூன்று கூட்டம், ஏராளமான பிஸ்கட்.
'கருப்பை வாய் உள்ள நபர்களுக்கு'
என்று முடிவாயிற்று.
இலக்கணப் பிழை இல்லாத வரி.
லத்தீன்காரர்கள் அதைக் கழுத்து என்றார்கள்,
நாம் வாய் என்கிறோம்;
கழுத்தோ வாயோ,
போகோ தீவில் எஃபி கீப்பிங்குக்கு
இரண்டும் தெரியாது.
கண்ணாடி போட்டுப் படித்தாள், கழற்றிப் படித்தாள்.
முப்பது வருடம் மீன் ஆலையில்
காட் மீனின் வயிற்றைக் கீறியவள்.
குடல், ஈரல், சினை,
இருட்டிலும் விரல் சொல்லும்.
தன் வயிற்றுக்குள் ஒரு வாய் இருப்பதை
யாரும் அவளிடம் சொன்னதில்லை,
நாலு பிள்ளைகள் அந்த வழியாக வந்தபோதும்.
'வேற யாருக்கோ வந்த தபால்'
என்று கெட்டிலுக்கு அடியில் வைத்தாள்.
வட்டம் வட்டமாகக் கறை ஏறியது.

பத்திரிகைக்குப் பலர் எழுதினார்கள்.
பெண் என்ற சொல்லைத் திருடிவிட்டார்கள் என்று சிலர்,
பெண் என்று எழுதுவதே வன்முறை என்று சிலர்.
யாருக்கும் அந்த வாரம்
பரிசோதனைக்கு முறை வந்திருக்கவில்லை.

டோரீனுக்கே அது இல்லை.
நாற்பத்துநாலு வயதில் எடுத்துவிட்டார்கள்.
முதல் கடிதத்தில் அவள் இருந்தாள்,
இரண்டாவதில் இல்லை;
குழுவில் இதைச் சொல்ல வாயெடுத்து
பிஸ்கட் தின்றாள்.

மாலை ஐந்தாகிவிட்டது. 'அன்புள்ள' என்று அடித்து
பெயருக்கு மட்டும் இடம் விட்டாள்.
அதன் கீழே:
'உங்களுக்குக் கருப்பை இருந்தால்
இந்தப் பரிசோதனை உங்களுக்கு.
பெண்கள் பெரும்பாலோருக்கு இருக்கும்.
சில ஆண்களுக்கும் இருக்கும்,
ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லிக்கொள்ளாத
சிலருக்கும் இருக்கும்.
அதன் அடியில், பிள்ளை வெளியே வரும் இடத்தில்
புற்று வருமா என்று பார்ப்போம்.
புரியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள்.
எடுப்பது நான்தான்.'

நீளம் என்றது குழு.
ஒரே தபால்தலைதான் ஆகும் என்றாள்.
பதிவேட்டைத் திருத்த
இன்னும் ஏழு மாதம் பிடித்தது.
அதற்குள் யார் யார் என்று
அவள் எண்ணிப் பார்க்கவில்லை,
எண்ணாமல் இருக்கப் பார்த்தாள்.

அக்டோபர். கேண்டர் மருத்துவமனை.
முதல் படகைப் பிடித்து வந்த எஃபியின் பை
பக்கத்து நாற்காலியில் இருந்தது.
கடல் பூட்ஸோடு உள்ளே வந்த ஆள்
உட்கார இடம் தேடினான்.
'பொண்டாட்டி உள்ள இருக்காளா?'
'இல்ல. எனக்குத்தான்.'
கையில் கடிதம். அதே நீலத் தலைப்பு.
எஃபி அதைப் பார்த்தாள்,
தாடியைப் பார்த்தாள்,
சுவரில் இருந்த கடிகாரத்தை
ரொம்ப நேரம் பார்த்தாள்.

பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.
அவன் உட்கார்ந்தான்.
'எனக்கு முந்தி யாரோ போனா.
ஜில்லுனு இருந்துச்சாம் அந்தக் கருவி.
சூடு பண்ணச் சொல்லு தம்பி.
கூசாம சொல்லு.'